கேம்பெல் என்று பெயர் இருந்தால் பிரபுப் பட்டம் வருமா?

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் பல தலைமுறையாக வசிக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். குடும்பப் பெயர் கேம்பெல். ஸ்காட்லாந்தில் எங்கள் பெயர்க்காரர்களின் பிரபுப் பட்டம் ஒன்று 1995 முதல் உரிமை கோர ஆளில்லாமல் கிடக்கிறதாம். டிஎன்ஏ பரிசோதனை செய்து மனுப் போட்டால் எங்களுக்கு வரும் என்கிறார் ஒரு ஏஜென்ட். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வது பிரெடால்பின் எர்ல் (பிரபு வரிசையில் ஒரு நிலை) பட்டமாக இருக்க வேண்டும். பத்தாவது எர்ல் 1995இல் காலமான பிறகு அதற்கு யாரும் உரிமையை நிரூபிக்கவில்லை என்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டுதான் மீதிக் கதையைக் கட்டுகிறார்கள்.

பட்டம் குடும்பப் பெயருக்குச் சொந்தமல்ல. ஆர்கைல் டியூக், காடர் எர்ல், ஸ்ட்ராதீடன்-கேம்பெல் பிரபு ஆகிய மூன்று குடும்பத்தாரும் கேம்பெல்கள்தான். ஒன்றில் வாரிசு அற்றுப்போனால், பெயர் ஒன்று என்பதற்காக இன்னொன்று போய் அதில் உட்கார முடியாது. 1633இல் ஒரு கேம்பெல்லுக்குக் கொடுத்த லவுடன் எர்ல் பட்டமோ பெண் வழியில் இறங்கி, இன்று ஆஸ்திரேலியாவில் வாழும் அப்னி-ஹேஸ்டிங்ஸ் குடும்பத்திடம் இருக்கிறது. பட்டம் யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பது, முதன்முதலில் மன்னர் கொடுத்த பட்டயத்தில் உள்ள வாரிசு வாசகம். பெரும்பாலும் அது ‘உடற்பிறந்த ஆண் வாரிசு’ என்று இருக்கும். அதாவது அப்பா, அவர் அப்பா என்று ஆண்வழியில் அறுபடாத சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் முறையான கல்யாணத்தில் பிறந்திருக்க வேண்டும். தத்துப் பிள்ளைக்குக் கிடையாது.

இன்னொரு தந்திரம் உண்டு. 1786 முதல் 1789 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த சர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் பெயரை வம்சாவளிப் படத்தின் உச்சியில் ஒட்டித் தருவார்கள். அந்த ‘சர்’ வீரப் பட்டம், அவரோடு போயிற்று. மகனுக்கு இறங்காது.

உங்களிடம் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் உங்களிடமிருந்து மேல்நோக்கிப் போங்கள். ஏஜென்ட்டுகள் பிரபுவிலிருந்து கீழ்நோக்கி வருவார்கள், நடுவில் இரண்டு தலைமுறை மாயமாய் முளைக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஞானஸ்நானப் பதிவும் பெற்றோரின் கல்யாணப் பதிவும் வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே கல்யாணம் நடந்திருக்கிறதா, முதல் தாரம் உயிரோடு இருந்தபோது இரண்டாவது கல்யாணம் நடந்ததா என்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்கள் அனுப்பிய நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என் / 2’ என்ற வரிசையில் 1698 முதல் இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்திலேயே தேடலாம். கத்தோலிக்கக் குடும்பமானால் எல்லாம் அங்கே இருக்கும் என்று நம்பாமல், பங்குக் கோயிலின் பதிவேட்டையே பாருங்கள்.

பலர் விழுவது இதற்கு அடுத்த படியில். உங்கள் முன்னோர் மூன்றாவது மகன் என்றால், மூத்த இருவரின் ஆண்வழி முழுவதும் அற்றுப்போனதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ‘அற்றுப்போயிற்று’ என்று யாரும் சர்டிபிகேட் தருவதில்லை. ஒவ்வொரு அண்ணன் பிள்ளைக்கும் அடக்கப் பதிவு, உயில் என்று தோண்டியாக வேண்டும்.

கல்யாண விஷயத்தில் ஏஜென்ட் ஒரு வழக்கைக் காட்டுவார், அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இதே பிரெடால்பின் பட்டத்துக்கு 1862இல் தகராறு வந்தது. உரிமை கோரியவரின் முன்னோர்களில் ஒருவரான ஜேம்ஸ் கேம்பெல் என்ற ராணுவ அதிகாரி, இன்னொருவர் மனைவியோடு ஓடிப்போனவர். அந்தக் கணவர் 1784இல் இறந்தார். அதன் பிறகும் இருவரும் ஸ்காட்லாந்தில் ஊரறியக் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள். கல்யாணப் பதிவு எதுவும் காட்டப்படவில்லை. ஆனாலும் ஊரறிய வாழ்ந்ததே கல்யாணத்துக்குச் சான்று என்று 1867இல் பிரபுக்கள் சபை (பிரிட்டன் நாடாளுமன்ற மேலவை) ஏற்றது. ‘பார்த்தீர்களா, பதிவே வேண்டாம்’ என்பார் ஏஜென்ட். அது அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டம், ஸ்காட்லாந்தில் குடித்தனம் நடத்திய தம்பதிக்கு. மெட்ராஸில் சேர்ந்து வாழ்ந்த கொள்ளுத்தாத்தாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அதேபோல், பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் மணந்துகொண்டால் ஸ்காட்லாந்துப் பட்டங்களில் அந்தப் பிள்ளைக்கு உரிமை வரலாம். இங்கிலாந்துப் பட்டங்களில் வராது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுப் பணம் வாங்குகிறார்கள்.

டிஎன்ஏ? 2016இல் பிரிங்கிள் பாரோனெட் (பிரபுவுக்குக் கீழான பரம்பரைப் பட்டம்) வழக்கில் பிரிவி கவுன்சில் (பிரிட்டனில் நீதிமன்றமாகவும் செயல்படும் அரசரின் ஆலோசனைக் குழு) அதைச் சான்றாக ஏற்றது. ஆனால் அந்தச் சோதனை பட்டத்தைப் பெற்றவரின் ஆண்வழி உண்மையா என்பதைச் சோதித்தது. இரண்டு கேம்பெல்களுக்கு ஒரே மூதாதை உண்டு என்பதைத்தான் சோதனை சொல்லும். அவர் யார், கல்யாணம் செய்துகொண்டாரா என்று சொல்லாது.

சான்றுகள் எல்லாம் கிடைத்தாலும், பிரபுக்களின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 2004 அரச ஆணைப்படி அதில் இல்லாதவரை அரசு பட்டப்பெயரால் அழைக்காது. பாரோனெட்டுகளுக்கு அதேபோன்ற பதிவேடு 1910 முதல் உண்டு. அலைச்சலும் வக்கீல் செலவும் முழுக்க உங்கள் தலையில். மன்னர் கொடுத்த பட்டத்துக்கு யார் வாரிசு என்று அரசு தானாக ஒரு கடிதம்கூடப் போடாது, ஆண்டுக்கணக்கில் பட்டத்தைத் தூங்கவிடும். அந்த இடைவெளியில்தான் இந்தப் புரோக்கர்கள் கடை விரிக்கிறார்கள்.

கிடைத்தாலும் நிலம், பணம், விசா எதுவும் கூட வராது. ஸ்காட்லாந்து மலைநாடான ஹைலாண்ட்ஸில் ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் ‘லெயர்ட்’ (நிலக்கிழார்) ஆகலாம் என்பவர்களையும் குடும்பப் பெயருக்கு மரபுச் சின்னம் (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) என்று பிரேம் போட்டு விற்பவர்களையும் இதே கணக்கில் சேருங்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட நபருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது.

ஏஜென்ட்டிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த ஆண்டுப் பட்டயம், அதன் வாரிசு வாசகம் என்ன, அந்த முதல் எர்லின் எத்தனையாவது மகன் வழியில் நீங்கள் வருகிறீர்கள். பதில் வருவதற்குள் உங்கள் தாத்தாவின் பெற்றோருடைய கல்யாணப் பதிவைத் தேடி எடுத்துவிடுங்கள். அதுவே கிடைக்காவிட்டால் மேலே போகாதீர்கள்.