பார்க் லைட் ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரிய ஃபியூஸ் போட்டுத் தப்பிக்காதீர்கள்

கேள்வி: என்னுடையது பழைய ஹேட்ச்பேக். பார்க் லைட் போட்டால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது. டெயில் லேம்ப், நம்பர் பிளேட் லைட், மீட்டர் வெளிச்சம் எல்லாம் அணைந்துவிடுகின்றன. ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் நன்றாக எரிகின்றன. சில நாள் பிரச்னையே வருவதில்லை. 20 ஆம்பியர் போட்டால் தாங்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அந்த மெல்லிய வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் சிவப்பு நிற 10 ஆம்பியரை வைத்திருக்கிறார்கள். மஞ்சள் 20ஐச் செருகினால் ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் வயர் உருக ஆரம்பிக்கும். சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றி வைக்கும் கைவைத்தியம் இதைவிட மோசம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு இரண்டு, எல்லாமே 5 வாட் பல்பு என்றால் மொத்தம் 30 வாட், 12 வோல்ட்டுக்கு 2.5 ஆம்பியர். மீட்டர் விளக்குகளைச் சேர்த்தாலும் 10க்குப் பக்கத்தில்கூட வராது. ஆக, இது லோடு பிரச்னை இல்லை, எங்கோ பிளஸ் வயர் பாடியில் படுகிறது. போன ஃபியூஸைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: உள்ளே கறுத்துப் புகை படிந்திருந்தால் பெரும்பாலும் நேரடி ஷார்ட்.

சில நாள் பிரச்னை இல்லை என்கிறீர்களே, அதுதான் நல்ல துப்பு. அசைகிற இடத்தில் அல்லது ஈரம் படுகிற இடத்தில் கோளாறு இருக்கிறது. டிக்கியைத் திறந்து மூடிய பிறகு போகிறதா, மழை பெய்தால் போகிறதா, பள்ளத்தில் இறங்கினால் போகிறதா என்று கவனியுங்கள்.

கண்டுபிடிக்க ஃபியூஸாக வாங்கிக் குவிக்க வேண்டாம். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றும் ஹோல்டரும் வாங்கி, இரண்டு வயரின் நுனியிலும் தட்டை டெர்மினல் அடித்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் அதைச் செருகுங்கள். அதற்கு முன்னால் முன்னும் பின்னும் உள்ள பார்க் பல்புகளையும் நம்பர் பிளேட் பல்புகளையும் கழற்றிவிட வேண்டும். இப்போது பார்க் லைட் சுவிட்சைப் போட்டால், ஷார்ட் இருக்கும்வரை இந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மீட்டர் விளக்கு மட்டும்தான் மிச்சம் என்றால் மங்கலாக எரியும். எவ்வளவு நேரம் எரிந்தாலும் 2 ஆம்பியருக்குள்தான் ஓடும் என்பதால் வயருக்கு ஆபத்தில்லை. எரியும் பல்பு கையை நன்றாகச் சுட்டுவிடும், சீட் மேல் போட்டு வைக்காதீர்கள்.

அப்புறம் வயரை ஆட்டிப் பார்க்கும் வேலை. முதலில் டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவே போகும் ரப்பர் குழாய். வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே வயரின் தோல் வெடித்திருக்கும். ரப்பரை இழுத்துப் பார்த்தால் செம்பு பளபளவென்று தெரியும். பழைய ஹேட்ச்பேக்கில் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும். அங்கே இல்லையென்றால் பச்சை பூத்த டெயில் லேம்ப் ஹோல்டர், எலி கடித்த இடம், வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோ அல்லது எல்இடி பட்டைக்காகப் பார்க் லைட் வயரிலிருந்து இழுத்த ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றியதும் பல்பு அணைந்தால் அல்லது மங்கினால், கோளாறு அதற்கு அந்தப் பக்கம்.

இந்தப் பல்பு சோதனை விளக்கு வயரிங்குக்கு மட்டும்தான். ஏர்பேக், ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஃபியூஸ்களில் செய்யக் கூடாது. ஸ்டீரிங் பக்கம் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, கை வைக்காதீர்கள்.

வெடித்த வயரைச் சரிசெய்யும்போது பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, மடங்கும் பகுதி முழுவதையும் அதே தடிமனுள்ள, நிறைய இழை கொண்ட வயரால் மாற்றுங்கள். ஜாயின்ட் ரப்பர் குழாய்க்குள் வரக் கூடாது, வந்தால் மடங்கி மறுபடி அறுந்துவிடும். வெறும் டேப் வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும் என்பதால் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதாக இருந்தால், எப்போதெல்லாம் ஃபியூஸ் போனது என்று சொல்லிவிடுங்கள், அவர் தேடும் நேரமும் நீங்கள் கொடுக்கும் கூலியும் குறையும்.