போனைப் பூட்டி வைத்தால் தீருமா?

கேள்வி: வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர், வீட்டில் பேசுவது தெலுங்கு. மகனை இந்த வருடம்தான் கிருஷ்ணகிரியில் எட்டாம் வகுப்பு சேர்த்தோம். வீட்டுப்பாடம் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பாட்டோடு வெட்டி ஒட்டிப் பரப்பிவிட்டார்கள், அவன் முகத்தில் ஸ்டிக்கர் வேறு. ‘ழ’ வராததால் ‘பலம்’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவன் அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் பீரோவைத் திறந்து போனை வெளியே எடுங்கள். அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் பையன் பக்கமிருந்து பாருங்கள், அடி வாங்கியவனுக்கே தண்டனை. போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டில் சொல்வதே இல்லை. உங்கள் மகன் சொல்லியிருக்கிறானே, அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, ஆதாரமும் அந்த போனில்தான் இருக்கிறது. அனுப்பியவன் அழிப்பதற்குள் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஆடியோவையும் உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். குழுவில் போய்த் திட்ட வேண்டாம், அதையும் வெட்டி ஒட்டுவார்கள்.

அப்புறம் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். எல்லோர் போனிலும் அது அழிய வேண்டும், செய்தவர்களின் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும். வகுப்பு முன்னால் இவனை நிறுத்தி அவர்களை மன்னிப்புக் கேட்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அது இன்னொரு அவமானம். “பசங்க விளையாட்டும்மா” என்று பள்ளி தட்டிக்கழித்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417க்குப் பேசுங்கள். குழந்தைகளுக்கான 1098 இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், அவனே கூடப் பேசலாம். படத்தை ஆபாசமாக மாற்றினாலோ மிரட்டினாலோ பள்ளிக்காகக் காத்திருக்காமல் சைபர் கிரைம் போலீசுக்குப் போங்கள். அப்படி மாற்றிய படத்தை, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் நீக்க வேண்டும் என்கிறது 2021ல் வந்து 2026ல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதி.

செய்த பையன்களுக்கும் பதின்மூன்று வயதுதான் இருக்கும், அவர்களைத் திருத்தினால் போதும். எனக்குக் கவலை, பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்த மற்ற பிள்ளைகளைப் பற்றித்தான். அவர்களில் “போதும்டா” என்று சொல்லக்கூடிய ஒருவனாவது இருப்பான். யார் என்று மகனிடமே கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.

தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்குகிற மாவட்டம் இது. தமிழ் பேசும் வீட்டிலேயே எத்தனையோ பேருக்கு ‘ழ’ வராது, அதை அவனிடம் சொல்லுங்கள். நாளைக் காலை அவனோடு நீங்களும் பஸ் ஏறுங்கள். வகுப்பு வரை வேண்டாம், கேட்டோடு நின்றுகொள்ளுங்கள்.