பெற்றோர், பிள்ளைகளோடு இரண்டு நாள் ஓய்வுக்கு இராமேசுவரமா, தரங்கம்பாடியா?

காரைக்குடியில் இருந்து குடும்பத்தோடு இரண்டு நாள் கடலோரம் ஓய்வெடுக்க எந்த ஊர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு என்று தெரிந்தேதான் எழுதினீர்கள் என்றால் தரங்கம்பாடி. பெற்றோரிடம் நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். திறந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. இராமேசுவரம் என்று முடிவாகி, பக்கத்து வீட்டார் தீர்த்தத்துக்குக் கேன் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

இராமேசுவரத்தை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். காசியிலும் சேதுவிலும் சத்திரம் கட்டி வைத்தவர்களின் வழியில் வந்தவள்தான் நானும். மூன்றாம் பிராகாரத்தின் தூண் வரிசைக்கு நடுவே நடக்கும்போது வருகிற நிறைவு எனக்கு வேறெங்கும் வந்ததில்லை. ஆனால் அது யாத்திரை. ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணிக்கு. அதற்கு முன்பே பிள்ளைகளை எழுப்ப வேண்டும். பிறகு அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்து ஊற்றும் குளியல். ஆண்களுக்கென்ன, ஒரு வேட்டி. பிழிந்து உதறினால் ஆயிற்று. சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு, உலர்ந்த துணி மூட்டையையும் மாமியாரின் கைத்தடியையும் பிடித்துக்கொண்டு உடை மாற்ற இடம் தேடுவது யார்? அது முடிந்ததும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரையும் இடிந்த தேவாலயத்தையும் உச்சி வெயிலில் பார்த்து, அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினால் இரவுச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மனம் வராது.

அதனால்தான் ஓர் அரையாண்டு விடுமுறையில் தரங்கம்பாடி என்று நான் பிடிவாதமாக நின்றேன். "சேதுக்கரை இத்தனை கிட்டத்தில் இருக்க, வெள்ளைக்காரன் கோட்டையை எதற்கு ஆத்தா பார்க்க வேண்டும்?" என்றார் மாமியார். கணவர் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் மறைந்துகொண்டார். "திருக்கடையூர் பக்கத்திலேயே இருக்கிறது அயித்தை, போகும்போதே அபிராமியைக் கும்பிட்டுவிடலாம்" என்றேன். மறுபேச்சில்லை. உங்கள் தந்தை அறுபதை நெருங்குகிறவர் என்றால் இதே வழியைப் பிடியுங்கள். மணிவிழாவை அங்கே வைக்கலாமா என்று பார்த்து வரப் போகிறோம் என்று சொன்னால், பெட்டியை அவர்களே கட்டி வைத்துவிடுவார்கள்.

அங்கே போனபின் செய்ய அதிகம் ஒன்றுமில்லை. டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, அதற்கு எதிரே கடல். தஞ்சை இரகுநாத நாயக்கர் அவர்களுக்குப் பொன்னேட்டில் எழுதிக் கொடுத்த கதையைச் சொன்னேன். மாமியாருக்கு நாயக்கரும் பொருட்டில்லை, டேனியரும் பொருட்டில்லை. "அந்தப் பொன் இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். கோபன்ஹேகனில் என்றதும், "அதுதானே பார்த்தேன்" என்றார். மாலையில் மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போனோம். பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன் பக்கத்தில் உட்கார்ந்த மாமியார், இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. நகருங்கள் என்று சொல்ல அங்கே ஆளுமில்லை, வரிசையுமில்லை. நானும் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி வந்த பிறகு அவரும் நானும் அடுப்புக்கோ பூசைக்கோ அவசரப்படாமல் சேர்ந்து உட்கார்ந்தது அன்றுதான். அரை நாளில் பார்த்து முடிக்கிற ஊர் என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே டேனிய ஆளுநர் இருந்த மாளிகையைத் தமிழ்நாடு அரசும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து புதுப்பித்திருக்கின்றன. 1845இல் விற்றுவிட்டுப் போன ஊருக்கு இத்தனை அக்கறை! எங்கள் வளவில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டில், ஓடு சரிந்து பட்டாலைக் கூடத்தில் மழை ஒழுகுகிறது. சரிசெய்யச் சம்மதம் கேட்டால் ஒரு புள்ளி (பங்குள்ள குடும்பம்) சிங்கப்பூரில், இன்னொரு புள்ளி சென்னையில், யாருக்கும் நேரமில்லை. முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் விலை கேட்டார் என்று தெரிந்ததும், அன்று மாலையே இரண்டு பக்கமிருந்தும் தொலைபேசி வந்துவிட்டது. இதையும் அந்தக் கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்துதான் கணவரிடம் கேட்டேன். அங்கே அவர் கையில் செய்தித்தாள் இல்லை.

பிள்ளைகள் கடலில் இறங்கி ஊறத்தான் வருகிறார்கள் என்றால் நான் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அக்னி தீர்த்தத்தில் கடல் குளம்போல் கிடக்கும். தரங்கம்பாடியில் அலை வேகம், கரையோரம் கொட்டிய பாறாங்கற்கள் வேறு. அங்கே கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இராமேசுவரத்திலிருந்து காரைக்குடி வழியாகச் சென்னை போகும் போட் மெயில் ரயில், தரங்கம்பாடிக்குப் பக்கமான மயிலாடுதுறையில் நிற்கும் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், நடுநிசியில் இறக்கிவிடும். வயதானவர்களோடு கார்தான் சரி. விடியலில் கிளம்பித் தஞ்சாவூரில் காலை உணவை முடித்துக்கொண்டால், மதியச் சாப்பாட்டுக்குத் தரங்கம்பாடியில் இருக்கலாம்.