விஎம்-களும் ஐபி முகவரிகளும்: வாசகர் கேள்விகள்

கே: விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி). இரண்டிலும் 10.0.2.15 என்றே காட்டுகிறது. மோதாதா?

ப: மோதாது. நாட் முறையில் (ஹோஸ்ட், அதாவது விஎம் ஓடும் கணினியின் முகவரி வழியாக வெளியே பேசும் முறை) ஒவ்வொன்றும் தனித் தீவு. ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் ‘நாட் நெட்வொர்க்’குக்கு மாற்றுங்கள்.

கே: விஎம்-மில் நெட்வொர்க் வேலை செய்யவில்லை. உடனே உதவவும்.

ப: எந்த ஹைப்பர்வைசர் (விஎம்-மை ஓட்டும் மென்பொருள்), நாட்டா பிரிட்ஜா (விஎம் நேரடியாக வெளி நெட்வொர்க்கில் சேரும் முறை), கெஸ்ட்டுக்குள், அதாவது விஎம்-முக்குள், என்ன முகவரி, எதுவுமே எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) பதில் வரவில்லை. அங்கிருந்து தேடுங்கள்.

கே: உபுண்டு சர்வர் விஎம்-மை குளோன் செய்தேன். மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாற்றிவிட்டேன். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே ஐபி!

ப: இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. மேக்கை மாற்றினால் போதும் என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! 18.04 முதலான உபுண்டு சர்வரில் டிஹெச்சிபி கேட்பது சிஸ்டம்டி என்ற அடிப்படை மென்பொருள். அது தன் அடையாளமாகக் காட்டுவது மேக்கை அல்ல, மெஷின்-ஐடியிலிருந்து (ஒவ்வொரு நிறுவலுக்கும் உரிய அடையாளம்) உருவாக்கிய ஒரு எண்ணை. குளோனிலும் அதே மெஷின்-ஐடிதானே? பழைய ஆள்தான் வந்திருக்கிறான் என்று டிஹெச்சிபி சர்வர் அதே லீஸை (முகவரிக் குத்தகையை) நீட்டுகிறது. ஹோஸ்ட்டில் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) பாருங்கள்: ஒரே ஐபிக்கு எதிரே 52:54:00 (கேவிஎம் என்ற லினக்ஸ் ஹைப்பர்வைசரில் மேக்கின் வழக்கமான தொடக்கம்) அப்படியே நிற்க, கடைசி மூன்று பாகம் மட்டும் மாறி மாறி வரும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) ஒரு முறை இங்கே போகும், மறுமுறை அங்கே.

டெம்ப்ளேட்டை (குளோன் எடுக்கும் மூல விஎம்-மை) அணைக்குமுன் இடிசி (/etc) அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். நீக்க வேண்டாம், காலியாக்கினால் போதும். அடுத்த பூட்டில் புதிது பிறக்கும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் குளோனாகியிருக்கும், அவற்றையும் புதுப்பியுங்கள். விர்ட்-சிஸ்ப்ரெப் என்று ஒரு கருவியே இதற்காக இருக்கிறது. ஒன்று மட்டும்: இதையெல்லாம் கன்சோலில் (விஎம்-மின் நேரடித் திரையில்) செய்யுங்கள், எஸ்எஸ்ஹெச் வழியாக அல்ல.

கே: மடிக்கணினியில் வைஃபையை பிரிட்ஜில் சேர்த்தேன். கேவிஎம் கெஸ்ட்டுக்கு முகவரி வரவில்லை.

ப: வராது. தன்னிடம் பதிவான மேக்கை மட்டுமே வைஃபை ரவுட்டர் மதிக்கும். கெஸ்ட்டின் மேக் அதற்கு அந்நியன். கேபிளைச் செருகுங்கள், அல்லது நாட்டோடு திருப்திப்படுங்கள்.

கே: டிஹெச்சிபி வீச்சுக்குள்ளேயே ஒரு முகவரியை ஸ்டாட்டிக்காக வைக்கலாமா?

ப: கூடாது. ரிசர்வேஷன் (டிஹெச்சிபி சர்வரிலேயே ஒரு மேக்குக்கு ஒரு முகவரியை ஒதுக்குவது) போடுங்கள்.

கே: விஎக்ஸ்லேன் (ஒரு நெட்வொர்க்கின் பாக்கெட்டுகளை உறையிட்டு இன்னொன்றின் வழியே அனுப்பும் முறை) வழியாக பிங் போகிறது, பெரிய கோப்பு பாதியில் தொங்குகிறது.

ப: விஎக்ஸ்லேன் உறைக்கே ஏறத்தாழ 50 பைட் போய்விடும். கெஸ்ட்டில் எம்டியு-வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) வழக்கமான 1500-லிருந்து 1450 ஆக்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், கன்சோலில்!