நடுவில் நிற்கும் காவலனை நெருங்குவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் விடுமுறை வகுப்பு நடத்தும் வாசகி கேட்கிறார்: “‘பேப்பர் மரியோ: தி ஒரிகாமி கிங்’ ஆட்டத்தில் வரும் நான்கு காவல் விலங்குகளை அட்டையில் செய்து, சுழலும் வட்டுகளோடு பிள்ளைகளை விளையாட வைத்தோம். அதை ஓட்டும் நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி ஒரு வீட்டில்தான் இருக்கிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு. வட்டுகள் இரண்டே நாளில் வளைந்துவிட்டன. ஒரு காவலன் மூன்று நிமிடத்தில் விழுகிறான். அடுத்தவனை யாராலும் நெருங்கவே முடியவில்லை. எங்கே தவறு?”

முதலில் வட்டுகள். காகித நார் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அதிகம் நீளாது, குறுக்கே உப்பும். இரண்டு அட்டைகளின் நார் வேறு வேறு திசையில் இருக்கும்படி ஒட்டினால், மழைநாளில் அவை ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ, நாரும் அந்தத் திசைதான். ஒட்டும் அட்டைகள் எல்லாவற்றுக்கும் அது ஒரே பக்கம் ஓடட்டும். தண்ணீர் அதிகமுள்ள வெள்ளைப் பசை வேண்டாம், அதுவே ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். இருபக்க டேப் போதும். ஒட்டியபின் ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள்.

அளவுகள்: அட்டைப் பட்டை ஒன்றின் ஒரு முனையில் குண்டூசி குத்தி, அதிலிருந்து 8, 12, 16, 20, 24 செ.மீ. தூரத்தில் பென்சில் நுழையும் துளைகள் போடுங்கள். அந்த ஒரு பட்டையாலேயே எல்லா வட்டங்களையும் வரையலாம். நூல் கட்டி வரைந்தால் நூல் இழுபட்டு வட்டம் கோணும். 24, 20, 16, 12 செ.மீ. ஆரமுள்ள நான்கு வட்டுகளைப் பெரியது அடியில் வரும்படி அடுக்கினால் 4 செ.மீ. அகலத்தில் நான்கு வளையங்கள் தெரியும். 8 செ.மீ. ஆரமுள்ள ஐந்தாவது வட்டு மேலே, சுழலாமல் நிற்கட்டும். காவலன் நிற்பது அதன்மேல். 12 பிரிவுகளுக்குக் கோணமானி வேண்டாம். பெரிய வட்டின் விளிம்பில் 24 செ.மீ. தூரத்தை அடுத்தடுத்துக் குறித்தால் ஆறு புள்ளிகள் விழும். இடைவெளிகளைப் பாதியாக்கினால் பன்னிரண்டு. கட்டங்களில் வைக்கும் அட்டை வில்லைகள் 3.5 செ.மீ. சதுரம்; உள்வளையத்திலும் அவை அடங்கும்.

நடுவில் ஸ்க்ரூ, வாஷர், இரண்டு நட்டுகள். ஒரே நட்டு போட்டால் வட்டு திரும்பத் திரும்ப அதுவும் இறுகும் அல்லது கழலும். இரண்டாவது நட்டு முதல் நட்டைப் பூட்டிவைக்கும். மேல் வட்டைத் திருப்பும்போது கீழ் வட்டும் கூடவே வந்தால் அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மின்விசிறிக்கு அடியில் விளையாடுவதானால் ஒவ்வொரு வில்லைக்கும் கீழே துளி பிளாஸ்டிசின் களிமண்.

இனி ஆட்டம். ஜூலை 2020இல் நிண்டெண்டோ வெளியிட்ட அந்த ஆட்டத்தில், சாதாரணச் சண்டையில் மரியோ நடுவில் நிற்பான், எதிரிகள் சுற்றி நிற்பார்கள். காவலர்களிடம் அது தலைகீழ்: காவலன் நடுவில், மரியோ வெளியே. வளையங்களைச் சுழற்றியும் வரிசைகளைத் தள்ளியும், மரியோ நடக்கும் பக்கத்தைக் காட்டும் அம்புகளைச் சீராக்கி உள்ளே போக வழி கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் நெருங்க முடியாததற்கு, வில்லைகளைக் கண்டபடி கலைத்து வைத்ததே காரணமாக இருக்கும்.

எப்போதும் விடையிலிருந்து தொடங்குங்கள். வெளி விளிம்பிலிருந்து, மரியோ காவலனை அடிக்கும் ‘அடி’ வில்லை வரை முழு வழியையும் அமைத்துவிட்டு மூன்று நகர்வுகளால் கலையுங்கள். ஒரு வளையத்தை எத்தனை கட்டம் சுழற்றினாலும் ஒரு நகர்வுதான். வரிசையைத் தள்ளுவது என்றால் எதிரெதிராக உள்ள 4 + 4 கட்டங்களும் ஒரு கட்டம் நகரும். ஓரத்தில் வெளியே விழும் வில்லை எதிர் ஓரத்தில் நுழையும். தள்ளும்போது வில்லையைத் திருப்பக்கூடாது. மையத்தைக் காட்டிய அம்பு மறுபக்கம் போனதும் வெளியே காட்டும், அதுதான் சரி. கலைத்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசி நகர்விலிருந்து பின்னோக்கி, எதிர்த்திசையில் போனால் விடை. 90 வினாடி கொடுக்கலாம்.

மூன்று நிமிடத்தில் விழுந்த காவலனிடம் வில்லைகள் அதிகமாக இருந்திருக்கும். 48 கட்டங்களில் 12 அம்பு, 2 அடி, வென்ற காவலனின் சக்தியை எழுப்பும் 1 மாயவட்டம், அதை உயிர்ப்பிக்கும் 1 சுவிட்ச் வில்லை, 2 இதயம், 2 பெட்டி போதும். மீதி 28 வெறுமையாகவே இருக்கட்டும். காவலனுக்கு உயிர் 12, ஓர் அடிக்கு 3.

அடுத்தது காவலர்களின் வரிசை. அசல் ஆட்டத்தில் நிலம், நீர், நெருப்பு, பனி என்றே வருவார்கள்; முதல் மூவர் ஆமை, டிராகன், பறவை. கிழக்காசியாவின் நான்கு திசைக் காவலர்களை நினைவூட்டும் உருவங்கள் இவை. ஒருவனை வென்றால் கிடைக்கும் சக்திதான் அடுத்தவனுக்குத் திறவுகோல். நான்கில் ஒருவரை மாற்றிவைத்தாலும் ஆட்டம் படுத்துவிடும். காற்றும் ஆகாயமும் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஐம்பூதமாக்க ஆசை வந்தாலும் முதலில் நான்கையும் ஒழுங்காக ஓட்டிப் பாருங்கள். தோட்டத்து எல்லை முனியையும் காவலனாக்கிவிடாதீர்கள், பெற்றோர் வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

அட்டையில் இப்படிச் செய்யலாம். ஆமைக்கு வால் பக்கத்து இரண்டு பிரிவுகளிலிருந்து வரும் அடி மட்டுமே படும். டிராகன் வெளி இரண்டு வளையங்களையும் நீலத் தாளால் மூடும். மூடுமுன் பத்து வினாடி பார்க்க விடுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் குருட்டு விளையாட்டு. சுவிட்ச் வழியாக மாயவட்டத்தை அடைந்து நிலச் சக்தியை எழுப்பினால் மூடிய தாள் விலகும். பறவை ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வில்லைகளை எரித்து எடுத்துக்கொள்ளும். நீர்ச் சக்தி வந்தால் நின்றுவிடும். எரிப்பது பாதையில் இல்லாத வில்லைகளாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விடையே போய்விடும்.

பனிக் காவலன் அடுத்தடுத்த இரண்டு வளையங்களை உறைய வைப்பான். மாஸ்கிங் டேப்பில் 3 செ.மீ. வெட்டி இரண்டையும் சேர்த்து ஒட்டினால் அவை ஒன்றாகவே சுழலும். நெருப்புச் சக்தி கிடைத்தால் உரிக்கலாம். புது டேப் உரியும்போது அட்டையின் மேல்தோலையும் கிழித்துக்கொண்டு வரும். முதலில் சட்டைத் துணியில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துவிட்டுப் பிறகு வட்டில் ஒட்டுங்கள்.