பாட்டியின் நகங்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் பாட்டி மருத்துவச்சி என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். என் மனைவிக்கு இது ஏழாம் மாதம், முதல் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைத்துவிடுவார்கள் என்பதால் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். நிறைய வீடியோக்கள் பார்த்துவிட்டேன். நம் முன்னோர் எல்லோரும் வீட்டில் பிறந்தவர்கள்தானே? வலி நேரத்தில் எப்படி இருப்பது நல்லது, படுத்தா உட்கார்ந்தா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

“முடிவு செய்திருக்கிறேன்” என்கிறீர்கள். வலி உங்களுக்கா வரப்போகிறது? கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவி என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

முன்னோர் கணக்கெல்லாம் வேண்டாம். முன்னோர் ஆகாமலே போனவர்களை அதில் யார் சேர்ப்பது?

பாட்டியைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து வாசலில் பதறிக்கொண்டு நிற்பான். அவள் சாவகாசமாகத் திண்ணையில் உட்கார்ந்து பத்து விரல் நகத்தையும் ஒட்ட வெட்டுவாள். அப்புறம் முழங்கை வரை சோப்பு. “என் நகத்தால ஒரு உசுரு போயிடக் கூடாது” என்பாள். வியன்னாவில் 1847இல் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்ததும் இதைத்தான். அங்கே ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில் தாய்மார்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்ததில் சாவு குறைவு. மாணவர்கள் பிணம் அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்ததுதான் வித்தியாசம். குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

பார்த்தீர்களா, ஆஸ்பத்திரிதானே கொன்றது என்று துள்ளாதீர்கள் தம்பி. அந்த இன்னொரு வார்டில் இருந்தவர்கள் மருத்துவச்சிகளும் அந்தத் தொழிலை முறையாகப் படித்துக்கொண்டிருந்தவர்களும். உங்கள் வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள்? நீங்களும் ஒரு போனும்.

ஒரு பிரசவத்துக்குப் பாட்டியோடு நானும் போயிருந்தேன். ராத்திரி முழுக்கப் பாட்டி தன் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில் பிள்ளை பிறந்து அழுதது. எல்லோரும் பிள்ளையைப் பார்க்க, பாட்டி மட்டும் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடி விழுந்தும் உதிரம் நிற்கவில்லை. அடிவயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே “வண்டி கொண்டாங்க” என்று கத்தினாள். போகிற வழியெல்லாம் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு விழுந்ததும் கர்ப்பப்பை இறுகினால்தான் அந்த ரத்தக்குழாய்களின் வாய் அடைபடும். இறுகாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது நிமிடங்கள்தான். கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி பாட்டியிடம் அப்போது கிடையாது. இருந்திருந்தால் முதல் ஆளாகப் போட்டிருப்பாள்.

இங்கிலாந்தில் தேர்ந்த மருத்துவச்சிகளை வைத்து, சிக்கல் இல்லாதவர்களுக்கு மட்டும் வீட்டில் பிரசவம் பார்க்கிறார்கள். 2011இல் வந்த ஆய்வின்படி, அப்படி வீட்டில் பெற நினைத்த முதல் பிரசவக்காரிகளில் நூற்றுக்கு 45 பேரை நடுவிலோ பிரசவம் முடிந்த கையோடோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் 12 பேர். அனுப்ப வேண்டிய நேரம் எது என்று தெரிந்தவள்தான் மருத்துவச்சி. வீடியோ உங்களுக்கு அதைச் சொல்லாது.

ஆஸ்பத்திரிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். என் முதல் பிரசவத்தில் காலைத் தூக்கிக் கட்டி மல்லாக்கப் போட்டு, அம்மாவை வெளியே நிறுத்தி, “கத்தாதே” என்று அதட்டினார்கள். என்னைக் கேட்காமலே பிள்ளை வரும் வாயை வெட்டித் தைத்தார்கள். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் போதும் எனக்கு. இன்றும் அந்த டெட்டால் வாசனை வந்தால் வயிறு இறுகுகிறது. உங்கள் பயம் பொய்யில்லை.

சரி, எப்படி இருப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவளுக்கு எது தோதோ அப்படி. கூடவே அவள் விரும்பும் ஒருவர் இருக்கலாம், வழக்கத்துக்காக எல்லோருக்கும் வெட்டக் கூடாது என்றெல்லாம் உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிற ஆஸ்பத்திரி எது என்று இப்போதே தேடுங்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அப்புறம், உங்கள் மனைவியை எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் படித்துப் பார்க்காமல் அனுப்ப வேண்டும்.