வெளிநாட்டுப் பாதுகாப்புக் கருத்தரங்குக்கு அழைப்பா? காசு கட்ட முன்

உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைக்கு "சர்வதேசப் பாதுகாப்புக் கருத்தரங்கு" என்று மின்னஞ்சல் வந்து, பதிவுக் கட்டணமும் கடவுச்சீட்டுப் பிரதியும் கேட்டால், இரண்டையும் அனுப்ப வேண்டாம். மூத்த படையதிகாரிகளுக்கும் அரச உயர் அலுவலர்களுக்கும் நடக்கும் கருத்தரங்குகளுக்கு அப்படி ஆள் சேர்ப்பதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் ஹவாயில் 1995இல் தொடங்கிய ஆசிய-பசிபிக் பாதுகாப்பு நிலையமும், ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் 1993 முதல் இயங்கும் மார்ஷல் நிலையமும் அரசுகளிடம்தான் பெயர் கேட்கும். அமைச்சு முன்மொழிய, அமெரிக்கத் தூதரகம் பரிசீலிக்கும். காசு கட்டி வாங்கும் கதிரை அங்கே இல்லை.

போகிறவர்கள் பிரிகேடியர், பிரதிப் பொலிஸ் மா அதிபர், மேலதிகச் செயலாளர் போன்ற தரத்தில் உள்ளவர்கள். எனவே பிள்ளை இப்போது தேட வேண்டியது அந்தப் பதவிகளுக்கான வாசலை. இலங்கை நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை, பொலிஸ், முப்படை என்பவையே அவை.

நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயது 22 முதல் 28 வரை. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் பலர் வழுக்குவது இங்கேதான். மூன்றாம் தடவை உயர்தரம் எழுதும்போது 21 வயது. பல்கலைக்கழகம் தொடங்க 22, 23 ஆகிவிடும். நான்கு வருட விசேட பட்டம் முடிய 27. பரீட்சையோ வருடா வருடம் தவறாமல் நடப்பதில்லை. ஒரே ஒரு வாய்ப்புத்தான் மிஞ்சும், சிலருக்கு அதுவும் இல்லை. வயது ஏறிவிட்ட பிள்ளைக்கு மூன்று வருடப் பொதுப் பட்டமே புத்தி. மற்றச் சேவைகளின் வயதெல்லையை அந்தந்த வர்த்தமானியில் பாருங்கள், ரியூசன் வகுப்பு விளம்பரத்தில் அல்ல.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படிக்கலாம். வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ அரசறிவியல் படித்தபடி, பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையத்தில் டிப்ளோமா செய்யலாம். போட்டிப் பரீட்சையில் பட்டம் எந்த ஊரில் வாங்கியது என்பதற்குப் புள்ளி இல்லை. மொழிக்குத்தான் விலை: கருத்தரங்கு மண்டபத்தில் ஆங்கிலம், கொழும்பு அமைச்சில் சிங்களம்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இந்தக் கருத்தரங்குகளில் பேருரை முடிந்ததும் சிறு குழுக்களாகப் பிரிந்து, கற்பனை நெருக்கடி ஒன்றைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்வார்கள். அனர்த்த நிவாரணத்தில் படையும் சிவில் நிர்வாகமும் எப்படிச் சேர்ந்து இயங்குவது என்பது அங்கே அடிக்கடி வரும் தலைப்பு. 2004 சுனாமி அடித்த கல்லடி, நாவலடி, மருதமுனைப் பிள்ளைக்கு இதற்கு ஊரிலேயே சாட்சியம் கிடைக்கும். பிரதேச செயலகம், கிராம சேவகர், முகாமில் இருந்தவர்கள் ஆகியோரிடம் கேட்டு, யார் எப்போது எதைத் தீர்மானித்தார்கள் என்று வரிசைப்படுத்தி எழுதட்டும். பட்டப்படிப்புக் காலத்தில் அதை ஆங்கிலத்தில் ஆய்வுச் சுருக்கமாக்கி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் வருடாந்த ஆய்வு மாநாட்டுக்கு அனுப்பலாம். "படையும் மக்களும் ஒத்துழைக்க வேண்டும்" என்று முடியும் கட்டுரை திரும்பி வரும். எந்தத் தரவை யார் எப்படிச் சேர்த்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

அறிக்கையாளராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ உள்ளே போக இடம் கிடைத்தால் லண்டன் ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸின் (Chatham House) விதியை மறக்கக்கூடாது. 1927இல் வந்த விதி அது: கேட்ட கருத்தைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பு என்று வெளியிடக்கூடாது. இடைவேளையில் எடுத்த செல்ஃபியைப் பெயரோடு முகநூலில் போட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.